சுவிஸ் மேசையில் ஹலால்: ஃபோண்டுவும் ராக்லெட்டும்



ஐரோப்பாவில் வாழும் உறவினரைக் காணச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. புறப்படுமுன் அவர்கள் எங்களிடம் கேட்கும் மார்க்க வினாக்கள் பெரும்பாலும் இறைச்சியைப் பற்றியே இருக்கும். எந்தக் கடையில் வாங்கலாம், யார் அறுத்தது, சான்றிதழ் உண்டா என்று கேட்பார்கள். பாலாடைக்கட்டியைப் பற்றி அநேகமாக எவரும் கேட்பதில்லை. பாலும் ரொட்டியும்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் இயல்பானது. ஆயினும் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற உணவுகளான ஃபோண்டு, ராக்லெட் ஆகிய இரண்டையும் பொறுத்தவரை, இறைச்சியைவிட அதிகமாக விசாரிக்க வேண்டிய இடம் அதுவே. கடந்த குளிர்காலத்தில் அந்நாட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தபோது இதை அருகிருந்து காணும் வாய்ப்பை அல்லாஹ் எங்களுக்குத் தந்தான். அங்கு அறிந்தவற்றைப் பிறருக்கும் பயன்படுமே என்று எழுதுகிறோம்.

ஃபோண்டு என்பது 'உருகியது' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். காக்கெலோன் எனப்படும் தடித்த சட்டியில் துருவிய பாலாடைக்கட்டியை உருக்கி, மேசையின் நடுவே சிறு அடுப்பின்மேல் வைப்பார்கள். சுற்றி அமர்ந்தோர் நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் தோய்த்து உண்பார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 200 கிராம் பாலாடைக்கட்டி என்பது வழக்கமான அளவு. எல்லோரும் உண்டு முடித்தபின் சட்டியின் அடியில் படிந்திருக்கும் மொறுமொறுப்பான பொருக்கைச் சுரண்டிப் பங்கிட்டுக்கொள்வார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகியவர்களுக்கு இந்த மேசை அந்நியமாகத் தோன்றாது. அங்கும் ஒரு பாத்திரத்தில் பல கைகள் சேர்கின்றன. அதில் கலந்துகொள்ள மறுப்பவர் உணவை மட்டும் மறுத்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

ராக்லெட்டின் பெயர் 'சுரண்டுதல்' என்ற பொருளிலிருந்து வந்தது. அது தெற்கே ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அமைந்த வாலே மாநிலத்துக்கு உரியது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள வட்டக் கட்டியை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தைத் தணலுக்கு எதிரே காட்டி, உருகும் மேற்பரப்பைக் கத்தியால் தட்டில் வழித்துப் போடுவார்கள். தோலுடன் அவித்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த சிறு வெள்ளரி, ஊறவைத்த சின்ன வெங்காயம் ஆகியவை உடன் வரும்.

இவ்விரண்டிலும் நமக்குரிய சிக்கல் வெவ்வேறானது. ஃபோண்டுவின் புகழ்பெற்ற வகை 'மொய்த்தியே-மொய்த்தியே', அதாவது பாதிக்குப் பாதி. க்ரூயேர் ஒரு பாதி, ஃப்ரிபூர் மாநிலத்து வாஷ்ரன் ஒரு பாதி. அது வெள்ளைத் திராட்சை மதுவில்தான் உருக்கப்படுகிறது. நால்வருக்கான சட்டியில் மூன்று அல்லது நான்கு டெசிலிட்டர் மது சேரும். இறுதியில் செர்ரிப் பழத்திலிருந்து வடிக்கப்படும் கிர்ஷ் என்னும் சாராயத்தில் சோளமாவைக் கரைத்து ஊற்றுவதும் உண்டு. மதுவிலுள்ள புளிப்பு, பாலாடைக்கட்டி திரிந்து கட்டியாகாமல் வழுவழுப்பாக உருக உதவுகிறது. இதே வேலையை எலுமிச்சைச் சாறும் செய்யும் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ராக்லெட்டிலோ மது சேர்வதில்லை. ஆனால் பன்றி இறைச்சித் துண்டுகள் அடுக்கிய தட்டு அதனுடன் வருவது சாதாரணம்.

எங்கள் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பதினொரு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் ஃப்ரிபூர் நகரில் வசித்து வருகிறார். அவர்களுடைய அடுத்த வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தனியே வாழ்கிறார். மச்சானின் மகள் பிறந்தபோது உதவிக்கு வந்தவர் அவர். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிச் சென்றவரும் அவரே. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர் இவர்களை ஃபோண்டுவுக்கு அழைப்பதும், இவர்கள் ஏதேனும் ஒரு காரணம் சொல்லித் தவிர்ப்பதும் வழக்கமாகிவிட்டன. ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் உடல்நலக் குறைவு, ஒரு வருடம் விருந்தினர். மது கலந்திருப்பதே உண்மையான காரணம். அதைச் சொன்னால் மார்க்கத்தைக் காட்டி அவரைக் குறை கூறியதாகிவிடுமோ என்று மச்சான் தயங்கினார்.

நாங்கள் சென்றபோது பத்து வயதான அந்தப் பெண் எங்களிடம், "மாமா, அவங்களுக்கு நம்மைப் பிடிக்கும். நமக்குத்தான் அவங்களைப் பிடிக்கலைன்னு அவங்க நினைக்கிறாங்க. அது உண்மையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இரவு முழுவதும் எங்களை உறங்கவிடவில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து அறிவுறுத்தி வந்ததால், அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று எண்ணும் அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் கருதினார்கள் என்பதை நாம் மதரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அந்த உரிமையும் ஹலாலைப் பேணும் கடமையும் ஒரே மேசையில் சந்திக்க வழியுண்டா என்று தேடுவதென முடிவு செய்தோம். அப்பெண்மணியை நாமே ஒரு நல்ல உணவகத்துக்கு அழைத்துச் சென்று, எல்லோரும் சேர்ந்து உண்ணக்கூடிய ஒன்றை உண்பது எங்கள் எண்ணம்.

தேடல் ஜெனீவாவில் தொடங்கியது. அந்நகரின் பெத்தி-சகொன்னே பகுதியில் 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஃபோண்டுவுக்குப் பெயர் பெற்ற 'கஃபே து சொலேய்' உணவகமும் அதே பகுதியில்தான் உள்ளது. ஏரிக்கரையில் 'பேன் தெ பாக்கி' என்னும் நீராடுதுறையிலும் குளிர்காலத்தில் மக்கள் ஃபோண்டுவுக்குத் திரள்கிறார்கள். அங்கு புகழ்பெற்றது நுரைக்கும் மதுவில் செய்யப்படுவது. ஆகவே அது நமக்குரியதன்று. ஊர்ப் பெயர்களை எழுதுகிறோமே தவிர, நாங்கள் சென்று விசாரித்த உணவகங்களின் பெயர்களை எழுதவில்லை. சமையற்காரர் மாறினால் செய்முறையும் மாறும். ஒருவர் சென்ற ஆண்டு கேட்ட பதிலை இன்னொருவர் இந்த ஆண்டு நம்பிச் செல்வது பேணுதல் ஆகாது.

முதல் உணவகத்தில் பரிமாறுபவர் பணிவாகவே பதிலளித்தார். மது உண்டு, ஆனால் கொதிக்கும்போது ஆவியாகிவிடும் என்றார். இதை நம்மவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, மது சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்த உணவில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆல்கஹால் எஞ்சியிருக்கும். இரண்டரை மணி நேரம் கொதித்தபின்னும் சுமார் 5 சதவீதம் இருக்கும். ஃபோண்டு சில நிமிடங்களில் ஆயத்தமாகிவிடும் உணவு. கிர்ஷ் ஊற்றப்படுவதோ கடைசியில். அன்றியும், எவ்வளவு எஞ்சுகிறது என்பது மட்டும் நம் கேள்வியன்று. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துப்படி மது நஜீஸ். அது கலந்த உணவும் நஜீஸாகிவிடுகிறது. அடுப்பு அதைத் தூய்மையாக்குவதில்லை.

இரண்டாவது உணவகத்தில் மது இல்லாமல் செய்து தருகிறோம் என்றார்கள். மகிழ்ந்தோம். ஆயினும் எங்கள் மனைவியார் மேலும் ஒரு கேள்வி கேட்டார்: "கிர்ஷ்?" அதற்கு, "கொஞ்சம் மட்டும். அது மது அல்லவே" என்று பதில் வந்தது. அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்களுடைய பேச்சில் 'வேன்' என்றால் திராட்சை மது மட்டும்தான். கிர்ஷ் வேறொரு பெயர் கொண்ட வேறொரு பொருள். ஆகவே 'மது உண்டா' என்று கேட்பது போதாது. 'சான் அல்கோல்', அதாவது ஆல்கஹால் அறவே இல்லாதது என்று பிரெஞ்சிலும், 'ஓனே அல்கஹோல்' என்று ஜெர்மனிலும் கேட்க வேண்டும். கிர்ஷைத் தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிறகு வாலே மாநிலத்துக்கு ரயிலேறினோம். சியேர் நகரிலுள்ள 'ஷாத்தோ தெ வில்லா' என்னும் பழைய மாளிகை உணவகம், பல பள்ளத்தாக்குகளின் ராக்லெட் கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவைக்கத் தருவதால் பெயர் பெற்றது. அம்மாநிலத்தில் நாங்கள் விசாரித்த உணவகம் வேறு, சிறியது. பன்றி இறைச்சித் தட்டு வேண்டாம் என்று சொன்னதும் அதைத் தவிர்த்து, உருளைக்கிழங்கை அதிகமாக வைத்தார்கள். எங்களுக்கெனக் கழுவிய கத்தியையும் எடுத்தார்கள். வாலேயின் உலர்த்திய இறைச்சி மாட்டிறைச்சிதான் என்று அன்போடு சொன்னார்கள். அதையும் வேண்டாம் என்றோம். சுவிட்சர்லாந்தில் மயக்கமூட்டாமல் கால்நடைகளை அறுப்பது 1893ஆம் ஆண்டு நடந்த மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தடைசெய்யப்பட்டது. அங்கு வாழும் முஸ்லிம்கள் வெளிநாட்டிலிருந்து வரும் ஹலால் இறைச்சியையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். எனவே மாட்டிறைச்சி என்ற சொல் மட்டும் நமக்குப் போதுமானதன்று.

இறைச்சியும் மதுவும் நீங்கியபின் எஞ்சியது பாலாடைக்கட்டி. குடும்பத்துக்குள் நீண்ட உரையாடல் எழுந்தது அதைப் பற்றித்தான். பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அரபியில் அதற்கு 'இன்ஃபஹா' என்று பெயர். பிரெஞ்சில் 'ப்ரெஸ்யூர்', ஜெர்மனில் 'லாப்'. 2001ஆம் ஆண்டு முதல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்றுள்ள க்ரூயேர் கன்றின் உறைபொருளால்தான் செய்யப்படுகிறது. அந்தக் கன்று முறைப்படி அறுக்கப்படாததாயின் என்ன சட்டம்?

எங்கள் குடும்பம் ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்தது. மனைவி வீட்டார் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஷாஃபிஈகள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, தானாகச் செத்த பிராணியின் இன்ஃபஹாவும் தூய்மையானதே. மஜூசிகள் வாழ்ந்த பாரசீகத்தை ஸஹாபாக்கள் வென்றபோது அங்கிருந்த பாலாடைக்கட்டியை உண்டார்கள் என்பது இக்கருத்துடையோர் காட்டும் சான்று. ஷாஃபிஈ மத்ஹபில், பாலை மட்டுமே அருந்திய, முறைப்படி அறுக்கப்பட்ட கன்றின் இன்ஃபஹாவே தூய்மையானது. அதே சமயம், அடிப்படையில் தூய்மையான ஒன்றை வெறும் ஐயத்தால் நஜீஸ் என்று சொல்லிவிடக் கூடாது என்பதும் அம்மத்ஹபின் விதி. நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முயீன்' நூலில், பன்றியின் இன்ஃபஹாவால் செய்யப்படுவதாகப் பேசப்பட்ட ஷாம் தேசத்துப் பாலாடைக்கட்டி நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டபோது, அதைப் பற்றி விசாரிக்காமல் உண்டார்கள் என்ற செய்தி இந்த விதிக்கு உதாரணமாக வருகிறது.

மச்சான் இந்த விதியை எடுத்துக்கொண்டார். எந்த நாட்டுக் கன்று, யார் அறுத்தது என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில், பாலாடைக்கட்டியின் அடிப்படைத் தூய்மையை வைத்து உண்ணலாம் என்று தம் ஊர் ஆலிம் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெளிந்தார். அவருடைய மனைவியோ, கன்றின் உறைபொருள் என்று தெரிந்தபின் தம் உள்ளம் அமைதி கொள்ளவில்லை என்றார். தெளிவான ஹலாலுக்கும் தெளிவான ஹராமுக்கும் இடையே ஐயத்துக்குரியவை உண்டு, அவற்றை விலக்கியவர் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற நபிமொழியை அவர் பற்றிக்கொண்டார். இருவரில் ஒருவரையும் நாங்கள் திருத்த முற்படவில்லை. ஒருவரிடம் சலுகையும் மற்றவரிடம் பேணுதலும் இருந்தன. இரண்டுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு. கணவன் மனைவியை 'கடும்போக்கு' என்றோ, மனைவி கணவனை 'அலட்சியம்' என்றோ சொல்லாதிருப்பதுதான் அங்கு முக்கியம். அல்ஹம்துலில்லாஹ், அவர்கள் அவ்வாறு சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்குப் பின்னர்தான் நாங்கள் தேடி அலைந்த விடை ஃப்ரிபூரிலேயே இருந்தது தெரியவந்தது. அம்மாநிலத்தில் வாஷ்ரனை மட்டும் கொண்டு செய்யும் ஒரு பழைய ஃபோண்டு உண்டு. அதை மதுவில் உருக்குவதில்லை. சிறிதளவு தண்ணீர் சேர்த்து, கொதிக்கவிடாமல், மெல்லிய சூட்டில் இளக்குகிறார்கள். வாஷ்ரன் மிருதுவானது. அதற்கு அவ்வளவே போதும். மதுவைத் தவிர்ப்பதற்காக எவரோ மாற்றியமைத்த உணவன்று இது. அந்த மண்ணின் மரபே இப்படித்தான். ஹராமை விலக்கியவர் சுவையில் ஏதோ ஒன்றை இழக்கிறார் என்று எண்ணுவோர்க்கு இதைவிடத் தெளிவான பதிலை நாங்கள் கண்டதில்லை.

நகருக்கு வெளியே மலையடிவாரச் சிற்றூரிலிருந்த ஓர் உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். தண்ணீரில் செய்யும் வாஷ்ரன் ஃபோண்டு உண்டு, கிர்ஷ் சேர்ப்பதில்லை, வேண்டுமென்றால் புதிய சட்டியில் செய்து தருகிறோம் என்றார்கள். மஃக்ரிப் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அண்டை வீட்டுப் பெண்மணியும் வந்தார். வழியில் மச்சான் அவரிடம் பதினொரு ஆண்டுகளாகச் சொல்லாத காரணத்தைச் சொன்னார். எங்கள் மார்க்கத்தில் மதுவும், மது கலந்த உணவும் தடுக்கப்பட்டவை, உங்கள் அழைப்பை மறுக்க எங்களுக்கு வேறு காரணம் ஒருபோதும் இருந்ததில்லை என்றார்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் அம்மா எப்போதும் தண்ணீரில்தான் செய்வார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் வருடமே அப்படிச் செய்திருப்பேனே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் பதினொரு குளிர்காலங்களின் வருத்தம் இருந்தது.

மேசையில் அவர் மதுவைக் கேட்கவில்லை. சூடான கறுப்புத் தேநீர் கேட்டார். ஃபோண்டுவுடன் தேநீர் அருந்துவது சுவிஸ் மக்களிடம் பழைய வழக்கம்தான். ஃபோண்டுவுடன் மது நல்லதா, தேநீர் நல்லதா என்பதைச் சூரிச் மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் 2010ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு, மது அருந்தியவர்களின் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறத் தேநீர் அருந்தியவர்களைவிட அதிக நேரமாகிறது என்று கண்டது. நாங்கள் நால்வரும் குழந்தைகளும் அவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தோம். மச்சானின் மனைவி உருளைக்கிழங்கும் ஊறுகாய் வெள்ளரியும் ரொட்டியும் உண்டார். ஏன் என்று பெண்மணி கேட்டபோது, சிரித்தபடி காரணத்தைச் சொன்னார். "அப்படியானால் உங்களுக்குத் தாவர உறைபொருளில் செய்ததைத் தேடித் தருகிறேன்" என்றார் அவர்.

அந்நாட்டுக்குச் செல்வோர் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். உணவகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசுங்கள். கூட்டமான நேரத்தில் பரிமாறுபவரை நிறுத்தி விசாரித்தால் சரியான பதில் கிடைப்பது அரிது. பல உணவகங்களில் பாலாடைக்கட்டியையும் மதுவையும் முன்பே கலந்து வைத்திருப்பார்கள். அங்கே கடைசி நேரத்தில் கேட்டுப் பயனில்லை. 'போர்', 'ஷ்வைன்', 'ஷ்பெக்' என்ற சொற்கள் பன்றி இறைச்சியைக் குறிப்பன. உங்கள் மேசைக்கு மது வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மற்ற மேசைகளில் மது புழங்கும் உணவகத்துக்குச் செல்வதையே தவிர்ப்பது சிறந்தது என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு. அவ்வாறு பேணுவோர் கடையில் கட்டியை வாங்கி வீட்டில் எலுமிச்சைச் சாறும் சோளமாவும் சேர்த்து உருக்கிக்கொள்ளலாம். மீக்ரோஸ் என்னும் பெரிய கூட்டுறவுப் பல்பொருள் அங்காடி தன் கடைகளில் மது விற்பதில்லை. 2022ஆம் ஆண்டு அதை மாற்றலாமா என்று உறுப்பினர்களிடம் கேட்டபோது, அவர்களும் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். எனினும் ஆயத்தமாக விற்கும் ஃபோண்டுக் கலவையின் உறையை எங்கு வாங்கினாலும் படித்துப் பாருங்கள்.

அண்டை வீட்டார் அழைத்தால் அவர்களுடைய பாத்திரத்தைப் பற்றித் தயங்க வேண்டாம். வேதமுடையோரின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அவற்றில் உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நம் மார்க்கம் எளிதானது. அதை மறைத்து வைத்து நாமே நமக்குக் கடினமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஹலாலைப் பேணுவது நம் கடமை. ஏன் பேணுகிறோம் என்பதை இனிய சொல்லால் எடுத்துரைப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமை. காரணம் அறியாதவர் நம் மறுப்பை வெறுப்பென்று எண்ணிக்கொள்வார். காரணம் அறிந்தவர் அநேகமாக நமக்காகத் தண்ணீரில் சமைப்பார்.

நம் உணவைத் தூய்மையானதாகவும், நம் நாவை உண்மையும் மென்மையும் உடையதாகவும், நம் அண்டை வீடுகளை அன்பு நிறைந்தவையாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.